மாசமாக இருக்கும்போது வரும் அசதி: முதல் முறை தாயாகிறவர்களுக்கு

ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் காலை, கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தவள், ரெட்டிச்சாவடி வருவதற்குள் தூங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் மரப்பாலம். கண் விழித்தபோது பஸ் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலியாக நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர், "எம்மா, எறங்கலையா?" என்று கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்தவள் நான். வயிறே தெரியாத மாதத்தில் இவ்வளவு அசதி வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மசக்கை, மாங்காய், சாம்பல் எல்லாவற்றையும் சொன்னவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். முதல் கர்ப்பத்தில் எல்லாவற்றையும் தப்பாகச் செய்து, இரண்டாவதில் ஓரளவு சரி செய்துகொண்டவள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்போது முதல் முறை முழுகாமல் இருக்கிறவர்களுக்கு, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

முதல் மூன்று மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதற்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். பாயிலிருந்து சட்டென்று எழுந்தால் கிறுகிறுவென்று வருவது அதனால்தான். இதே சமயத்தில் நஞ்சுக்கொடி வேறு உருவாகிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே ராத்திரி பகல் வேலை.

நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். ஏழுக்கு மேல் மறுபடி அசதி. இந்த முறை காரணம் எடை, முதுகு வலி, ராத்திரியில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பது.

இதெல்லாம் வளர்ச்சியின் அசதி. பயப்பட வேண்டியதில்லை, தாங்கிக்கொள்ள வழி பண்ணினால் போதும். இன்னொன்று இருக்கிறது, குறையினால் வரும் அசதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நானும் என் வீட்டாரும் ஏமாந்தது அங்கேதான்.

முதல் வேலை: எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓய்வு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடும். ஆனால் கூடுவதில் பெரும்பகுதி நீர். சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குக் கூடுவதில்லை. ரசத்தில் இன்னொரு சொம்புத் தண்ணீர் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஏற்கெனவே இரும்புச் சத்து குறைவாக இருந்தவளுக்கு இங்கே நிலைமை மோசமாகும்.

பார்க்க வேண்டிய முதல் எண் ஹீமோகுளோபின். நம் ஊரில் சீட்டில் எச்.பி. என்று எழுதியிருப்பார்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10-லிருந்து 10.9 வரை லேசானது, 7-லிருந்து 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. கடுமையானது என்றால் வீட்டில் முருங்கைக்கீரை வதக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

முதல் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எனக்கு 8.4 இருந்தது. அதுவரை "பிள்ளைத்தாய்ச்சின்னா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னதை நம்பிக்கொண்டு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியபடி இருந்தேன்.

கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையைக் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே அசதிதான். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் வருகையில் ஒரு முறை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். சிறுநீரில் கிருமி இருந்தால்கூட உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும்.

எங்கே போவது? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பெரிய இடம் வேண்டுமென்றால் கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று இலவச முகாம் உண்டு, 2016-லிருந்து நடக்கிறது. கூட்டம் இருக்கும், கையில் தண்ணீரும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் பக்கத்துக்காரர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே, 12 வாரத்துக்குள், பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை கிடைக்கும். அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. இது தமிழ்நாட்டுத் திட்டம். தவளக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு கடலூரில் கேட்டால் கிடைக்காது. புதுச்சேரிக்காரர்கள் தங்கள் பகுதி அங்கன்வாடியில் விசாரிக்க வேண்டும்.

சிவப்பு மாத்திரையும் காலை டீயும்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். அசதி போகாமல் இருப்பதற்கு நான் பார்த்தவரை அதிகக் காரணம் இங்கேதான் இருக்கிறது: மாத்திரை வாங்குகிறோம், விழுங்கவும் செய்கிறோம், ஆனால் உடம்பில் ஒட்டுவதில்லை.

நான் போன ஒரு கிளினிக்கில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, டீயோடு விழுங்கினேன். கால்சியம் இரும்பைத் தடுக்கும்; டீயும் காபியும் தடுக்கும்; பாலும் தடுக்கும். இரண்டு மாதம் மாத்திரை தின்றும் எண் அசையவே இல்லை. அடுத்த தடவை போன இடத்தில் ஒரு நர்ஸக்காதான், "எதோட போடுற?" என்று கேட்டார். ஒரு கேள்விதான். அதிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இதுதான், இரண்டாவது பிள்ளைக்கும் இதையே பின்பற்றினேன். காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு இன்னொன்று. இரும்பு மாத்திரை ராத்திரி சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன்னால், அரை டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரோடு. புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். பகலில் போட்டால் குமட்டுகிறவர்களுக்கும் ராத்திரி போடுவது தோதுப்படும்.

அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். மூன்று மாதம் முடிந்தபின் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். பிள்ளை பிறந்ததும் மாத்திரையை மறந்துவிடுகிறோம், அது தப்பு. முதல் மூன்று மாதத்தில் ஃபோலிக் அமிலம் மட்டும். நாலாம் மாதத்துக்கு மேல் பூச்சி மாத்திரை ஒரு தடவை கொடுப்பார்கள். தட்டாமல் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கிப்புழு இருந்தால் நாம் சேர்க்கிற இரும்பையெல்லாம் அது குடித்துவிடும்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மலச்சிக்கல் வரும், கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, கூடுதல் தண்ணீர். அப்படியும் முடியவில்லை என்றால் போய்ச் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை தருவார்கள். எண் மிகவும் குறைவாக இருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள், அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. என் ஓரகத்தி யாரிடமும் சொல்லாமல் தினம் ஒரு மாத்திரையை மல்லிகைத் தொட்டியில் புதைத்துவந்தாள். செடி என்னவோ செழிப்பாகத்தான் இருந்தது.

ஒழுங்காகப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏறும். ஒரு மாதம் கழித்தும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம், டாக்டர் தேட வேண்டும்.

சாப்பாடு

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். நல்ல உணவுகள்தான், ஆனால் அவற்றில் இரும்பு அதிகம் இல்லை. பேரீச்சம்பழமும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கொள்ளு, காராமணிச் சுண்டல், கேழ்வரகு அடை, இவற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுலபம்: மத்தி, நெத்திலி. மலிவும்கூட. கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் காலையில் போனால் துள்ளத் துடிக்கக் கிடைக்கும்.

சுறாவை மட்டும் தள்ளிவையுங்கள். பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து காத்திருக்கும் அத்தைமார்கள் மனம் கோணும், பரவாயில்லை. பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். வஞ்சிரமும் எப்போதாவது போதும். ஆட்டு ஈரலும் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பழுத்த பப்பாளி நல்லதா கெட்டதா என்று மாமியாரிடம் வாதாடாதீர்கள். அந்தத் தெம்பை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். காய் பப்பாளி மட்டும் நிச்சயமாக வேண்டாம்.

இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள். உண்மையில் நாலாம் மாதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டியது நாளுக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு பிடி வேர்க்கடலை என்றால் கணக்கு முடிந்தது. ஒரே மூச்சில் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் மதியம் கண் சொருகும். அதையே நாலு, ஐந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். மசக்கை நாட்களில் எழுந்திருக்கும் முன்பே ஒரு பிடி பொரியோ ரஸ்க்கோ வாயில் போடுவது எனக்கு உதவியது. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தால் அது சாதாரண மசக்கை இல்லை, ஆஸ்பத்திரி.

ஃபில்டர் காபி சின்ன டம்ளரில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். மாலை நாலு மணிக்குப் பின் குடித்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

வேலையைக் கழிப்பது

ஓய்வெடு என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். எந்த வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஒரு தாளில், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நீங்கள் செய்கிற எல்லா வேலையையும் எழுதுங்கள். வாசல் தெளிப்பது, கோலம், பால், தண்ணீர் பிடிப்பது, டிபன், மதியச் சோறு, துணி, எல்லாம். பக்கத்தில் மூன்றே குறிகள்: நான் செய்ய வேண்டியது, வேறொருவர் செய்யலாம், செய்யாவிட்டாலும் உலகம் கவிழாது. என் பட்டியலில் 19 வேலை இருந்தது. ஐந்துதான் நான் செய்தே ஆக வேண்டியது. குடம் தூக்குவது கணவருக்குப் போனது. மாவு அரைப்பது பாக்கெட் மாவுக்குப் போனது. இஸ்திரி காணாமலே போனது, ஒருவருக்கும் அது தெரியக்கூட இல்லை.

பட்டியலை வீட்டில் எப்படிச் சொல்வது? இங்கேதான் அந்த எண் உதவும். "எனக்கு முடியல அத்தை" என்றால், "நாங்கல்லாம் நாத்து நட்டுட்டு வந்து ராத்திரி புள்ள பெத்தோம்" என்ற பதில் தயாராக இருக்கும். எனக்கும் அதுவே கிடைத்தது. அடுத்த நாள் சீட்டைக் காட்டி, "அத்தை, ரத்தம் 11 இருக்கணுமாம், எனக்கு 8.4 தான் இருக்கு. மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன். பாகூரில் வயல் வேலை செய்தே வாழ்ந்தவர் அவர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மதியம் இரண்டு மணிக்கு அவரே பாயை விரித்துவிடுவார். "மூணாவதுக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சீட்டெல்லாம் யாரு குடுத்தா" என்று ஒரு நாள் சொன்னார்.

ஒரு மணி நேரம் படுத்திருக்கலாம், ஆனால் தூக்கம் அரை மணிக்கு மேல் நீண்டால் எழுந்தபின் தலை கனக்கும். மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்

கடலூர்–புதுச்சேரி தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் நெரிசல் நேரத்தில் நின்றுகொண்டு போனால் அன்றைய தெம்பு அரியாங்குப்பத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்து போங்கள். பின் சீட்டு வேண்டாம், தூக்கிப் போடும். இடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். வயிறு தெரியாத மாதங்களில்தான் கேட்க வேண்டிய தேவையே அதிகம். ஜன்னலோரம், கையில் தண்ணீர், ஒரு நெகிழிப் பை. தூங்கிவிடுவேன் என்று தோன்றினால் போனில் அலாரம் வையுங்கள். மரப்பாலம் எனக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

அலுவலகத்தில் மூன்று மாதம் வரை மறைத்துவைப்பது நம் வழக்கம். மேலதிகாரி ஒருவரிடமாவது முன்பே சொல்லிவிடுவது நல்லது. நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க முடியும். நின்றே வேலை செய்கிறவர்கள், துணிக்கடையானாலும் சிப்காட் தொழிற்சாலையானாலும், ஒரு ஸ்டூல் கேளுங்கள். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கடைசி மாதம் வரை ஓடிவிட்டுப் போகலாம் என்று சேமித்து வைக்கிறவர்கள் அதிகம். எனக்கு அது அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை.

வெயில், நடை, தூக்கம்

கத்திரி வெயிலில் மாசமாக இருப்பது தனிக் கஷ்டம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வேர்த்தே பாதி தெம்பு போகும். நீர்மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, எதுவானாலும் சரி; சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்பதுதான் அளவு. சாயங்காலம் ஏழு மணிக்குப் பின் குறைத்துக்கொண்டால் ராத்திரி ஒரு தடவையாவது எழுந்திருப்பது மிச்சம்.

அசதியாக இருக்கும்போது நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும். ஆனாலும் டாக்டர் தடுக்காவிட்டால் வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்து பாருங்கள். தூக்கம் நன்றாக வரும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தேவனாம்பட்டினத்தில் மணலில் நடக்காதீர்கள், கால் புதைந்து இரண்டு மடங்கு களைப்பு, சாலையோரமாக நடக்கலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், அது வசதி.

ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் நல்லது. மல்லாந்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, இல்லையென்றால் மடித்த பழைய சேலை. ராத்திரியில் கால் நிம்மதியில்லாமல் அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புக் குறைவிலும் அப்படி வரும்.

வளைகாப்பும் தாய்வீடும்

வளைகாப்பு சந்தோஷம்தான். ஆனால் பட்டுப்புடவை, ஹோமப் புகை, இரண்டு மணி நேரம் மணையில், நூறு பேர் கன்னத்தில் சந்தனம். முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி, நடுவில் பத்து நிமிஷம் உள்ளே போய்ப் படுக்க ஓர் அறை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மணைக்குப் பதில் நாற்காலி போட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. ஏழு வகைச் சாதத்தையும் அன்றே தீர்க்க வேண்டும் என்றும் இல்லை.

அடுத்து தாய்வீட்டுக்குப் போவீர்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கோ, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ என்றால் ஆஸ்பத்திரியும் மாறும், அரசாங்கமும் மாறும். தாய்சேய் அட்டை, ரத்த முடிவுகள், ஸ்கேன் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புது இடத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள். பிரசவத் தேதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்தால் இன்னும் கவனம்: 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் இந்தக் கரையில்தான் அடித்தன. புயல் எச்சரிக்கை வந்தால் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருப்பது, மயங்கி விழுவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அசதி என்று படுத்துவிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தக் கோப்பு வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்கு மேலே இருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வலி வந்தபோது அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் முதலில் ஏறியது என் மாமியார்தான்.